நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று உண்டா?

ஓட்டுநர் உரிமத்தில், பள்ளிப் பிள்ளைகளின் அடையாள அட்டையில், அலுவலக அட்டையின் பின்பக்கத்தில் என்று பல இடங்களில் நம் ரத்த வகையை எழுதி வைக்கிறோம். அவசரத்துக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் உதவும் என்பது எண்ணம். அதைத் தாண்டி அந்த ஒன்றிரண்டு எழுத்துகளுக்கு உடம்பில் வேறு வேலை இருப்பதாக நாம் நினைப்பதில்லை.

ஆனால் ரத்த வகையைத் தீர்மானிக்கும் அடையாளம் ரத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. இரைப்பையின் சுவர், குடலின் உட்புறம், மூச்சுக்குழல், ரத்த நாளங்களின் உட்பூச்சு, பெரும்பாலோரின் எச்சில் என்று எங்கும் அது இருக்கிறது. கிருமிகள் உடம்புக்குள் நுழையப் பார்க்கும் வாசல்களில் எல்லாம் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரே தண்ணீரைக் குடித்த இருவரில் ஒருவருக்குக் காலரா உயிருக்கே உலை வைப்பதிலும், மற்றவர் லேசான வயிற்றுப்போக்கோடு தப்பிப்பதிலும் ரத்த வகைக்கும் ஒரு பங்கு உண்டு. மலேரியா, வயிற்றுப்புண், இரைப்பைப் புற்றுநோய், கால் சிரையில் ரத்தம் உறைதல் ஆகியவற்றிலும் அப்படித்தான்.

இதைக் கேட்டவுடன் யாருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு: என் ரத்தம் நல்ல ரத்தமா? அதற்குப் பதில் சொல்ல, ரத்த வகை என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சர்க்கரைத் துணுக்கு

1900ஆம் ஆண்டு வாக்கில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவர், தன் ரத்தத்தையும் உடன் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரியும் ‘சீரம்’ என்ற தெளிந்த நீரை இன்னொருவரின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் திரண்டு கட்டிக்கொண்டன. சிலவற்றில் எதுவும் நடக்கவில்லை. அந்த ஒழுங்கை வைத்து 1901இல் மூன்று வகைகளைப் பிரித்தார். அடுத்த ஆண்டே நான்காவதான ஏபி வகையும் தெரிய வந்தது. அதுவரை சூதாட்டமாக இருந்த ரத்தம் ஏற்றும் சிகிச்சை அதன்பின் அறிவியலானது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அநேகமாக எல்லோருக்கும் பொதுவான அடிப்படைச் சங்கிலிக்கு ‘ஹெச்’ என்று பெயர். அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ வகை. வேறொரு சர்க்கரை ஒட்டினால் பி வகை. இரண்டும் ஒட்டினால் ஏபி. எதுவும் ஒட்டாமல் ஹெச் மட்டும் மொட்டையாக நின்றால் ஓ.

இந்தச் சர்க்கரையை ஒட்டவைப்பது ஒரு நொதி. அதற்கான மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த நொதி 354 அமினோ அமிலங்களால் ஆனது. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் முக்கியமான வேறுபாடு அவற்றில் வெறும் நான்கில்தான். ஓ வகையின் கதை இன்னும் வியப்பானது. மரபணுவின் எழுத்துகளை உடம்பு மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. ‘மரம் பழம் தரும்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ‘ர’ என்ற ஓர் எழுத்து விழுந்துவிட்டது. ஆனாலும் மூன்று மூன்றாகவே படிக்க வேண்டும் என்றால் ‘மம்ப ழம்த ரும்’ என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு வரும் எதுவும் பொருள் தராது. பெரும்பாலான ஓ வகையினரின் மரபணுவில் இப்படி ஓர் எழுத்துதான் விடுபட்டிருக்கிறது. நொதி பாதியில் நின்றுபோகிறது, சர்க்கரை ஒட்டுவதில்லை. உலகில் மிக அதிகமானோரிடம் இருக்கும் ரத்த வகை இந்த ஒற்றை எழுத்தின் இழப்பால் உண்டானது.

அந்த ஹெச் சங்கிலியும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1952இல் மும்பை மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் உடன் ஆய்ந்தவர்களும் இதை உலகுக்குச் சொன்னார்கள். அதனால் அதற்கு ‘பம்பாய் ரத்த வகை’ என்றே பெயர். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான். சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் ஓ வகை ரத்தம் ஏற்றினாலும் இவர்களின் உடம்பு ஏற்காது. இன்னொரு பம்பாய் வகைக்காரரின் ரத்தம்தான் வேண்டும். அந்த ஒரு சிக்கலைத் தவிர, இவர்கள் எல்லோரையும்போல நலமாகவே வாழ்கிறார்கள்.

அப்படியானால் உயிர் வாழ இந்தச் சர்க்கரைகள் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத ஒன்று, எதற்காக இத்தனை வடிவங்களில் இவ்வளவு காலம் நீடிக்கிறது? கிப்பன் குரங்குகளிலும் மனிதர்களிலும் உள்ள ஏ, பி வேறுபாடு ஒரே மூலத்திலிருந்து வந்தது, குறைந்தது 2 கோடி ஆண்டுப் பழமையானது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு வகை மற்றதைவிட எல்லா வகையிலும் மேலானதாக இருந்திருந்தால், இவ்வளவு நீண்ட காலத்தில் அது மற்றவற்றை ஒழித்திருக்கும். எதுவும் ஒழியவில்லை. ஏன் என்பதற்கான விடையைக் கிருமிகளிடம்தான் தேட வேண்டும்.

மலேரியாவை வெல்லும் ஓ

மனிதர்களை அதிகம் கொன்ற ஒட்டுண்ணி எது என்றால் பால்சிபாரம் மலேரியாவைச் சொல்லலாம். அது சிவப்பணுவுக்குள் புகுந்து வளரும்போது, அந்த அணுவின் மேற்பரப்பில் தன் புரதங்களை நீட்டுகிறது. அவை அருகில் உள்ள நலமான சிவப்பணுக்களைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்கின்றன. இப்படித் திரளும் கொத்துகள் மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. குழந்தைகள் நினைவிழந்து இறப்பது இந்தக் கடுமையான நிலையில்தான்.

பிடித்துக்கொள்ள அந்தப் புரதங்களுக்கு ஒரு பிடி வேண்டும். ஏ, பி சர்க்கரைகள் அந்தப் பிடியாக அமைகின்றன. ஓ வகை அணுவில் அவை இல்லாததால் கொத்துகள் சிறிதாகவும் தளர்வாகவும் இருக்கின்றன. ஏ சர்க்கரையை இறுகப் பற்றும் ‘ரிஃபின்’ என்ற ஒட்டுண்ணிப் புரதத்தை 2015இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, ஓ வகைக் குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைவு என்று கண்டது. ஓ வகையினருக்கும் மலேரியா வரும். ஆனால் அது உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றுவது குறைவு.

ஏபிஓ மட்டுமே ரத்த வகை முறை அல்ல. 40க்கும் மேற்பட்ட முறைகள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றான ‘டஃபி’, மலேரியாவோடு இன்னும் நேரடியாகத் தொடர்புடையது. வைவாக்ஸ் வகை மலேரியா சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதமே இந்த டஃபிதான். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி இல்லை. அவர்களை வைவாக்ஸ் அரிதாகவே தொடுகிறது என்று 1970களில் அமெரிக்காவின் லூயிஸ் மில்லர் குழு காட்டியது. நம்மில் அநேகமாக எல்லோரிடமும் டஃபி உண்டு. சென்னையில் நெடுங்காலமாக மிகுதியாகக் காணப்பட்டு வந்த மலேரியா வைவாக்ஸ்தான். ரத்தம் தராத காப்பை, கொசுவலையும் மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியும்தான் நமக்குத் தர முடியும்.

காலராவில் தோற்கும் ஓ

மலேரியாவில் வென்ற அதே ஓ, காலராவிடம் தோற்கிறது. காலரா தொற்றும் வாய்ப்பு எல்லா வகையினருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தொற்றியபின் ஓ வகையினருக்கு நோய் கடுமையாக முற்றுகிறது. ஏபி வகையினருக்கு மிக லேசாகக் கடந்துபோகிறது. வங்கதேசத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. காலரா நச்சு ஓ வகைக் குடல் செல்களில் கூடுதல் வீரியத்தோடு வேலை செய்வதை ஆய்வகச் சோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

கங்கைக் கழிமுகத்தில் வாழும் மக்களிடம் ஓ மரபணு குறைவாகவும் பி மரபணு அதிகமாகவும் இருக்கிறது. அந்த மண்ணில் நூற்றாண்டுகளாகக் குடியிருந்த காலரா, ஓ வகையினரை அதிகமாகக் கொண்டுபோனதுகூட அதற்கு ஒரு காரணமாகலாம் என்று 1980களில் ஆய்வாளர்கள் கருதினார்கள். உலகின் மறுபக்கத்தில் இதற்கு நேரெதிரான நிலை. தென் அமெரிக்கப் பழங்குடியினரில் ஏறத்தாழ எல்லோருமே ஓ வகை. 1991இல் பெரு நாட்டின் கடற்கரையில் காலரா புகுந்தபோது, ஓ வகையினரிடம் நோய் கடுமையானதை மருத்துவர்கள் அங்கும் பதிவு செய்தார்கள்.

ரத்த வகைகள் நிலத்துக்கு நிலம் மாறுகின்றன என்பதே முதல் உலகப் போர்க் காலத்தில்தான் தெரிய வந்தது. லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற போலந்து மருத்துவத் தம்பதி, கிரேக்கத்தின் சலோனிகா போர்முனையில் பல நாட்டு வீரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களும் அதில் அடக்கம். ஐரோப்பியர்களிடம் ஏ மிகுந்திருந்தது. கிழக்கே செல்லச் செல்ல பி கூடி, இந்தியர்களிடம் உச்சம் தொட்டது. 1919இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் அந்தக் காலத்தில் அதை இனங்களைப் பிரிக்கும் கோடாகப் பார்த்தார்கள். இன்றைய அறிவில் அது வேறாகத் தெரிகிறது. எந்த மண்ணில் எந்த நோய் நம் முன்னோரைத் துரத்தியது, யார் தப்பிப் பிழைத்தார்கள் என்பதன் தடமும், மக்கள் இடம்பெயர்ந்த தடமும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

இரைப்பையில் ஒரு கொக்கி

1953இல் லண்டன் அறுவை மருத்துவர் இயன் ஏர்டும் அவரோடு ஆய்ந்தவர்களும், இரைப்பைப் புற்றுநோய் ஏ வகையினரிடம் சற்று அதிகம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு, வயிற்றுப்புண் ஓ வகையினரிடம் அதிகம் என்றார்கள். ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரத்தக் கொடையாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2010இல் வெளியான ஆய்வு இரண்டையும் உறுதி செய்தது. ஓ வகையோடு ஒப்பிட்டால் ஏ வகையினருக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம்.

இடையில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்திருந்தது. வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்பதை ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980களில் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு கொக்கிப் புரதத்தை வைத்திருக்கிறது. அந்தக் கொக்கி மாட்டுவது நம் ரத்த வகைச் சர்க்கரைகளில்தான் என்று 1990களில் தெரிந்தது.

இதில் வியப்பின் உச்சம் 2004இல் வந்தது. உலகெங்கிலும் பெரும்பாலான ஹெலிகோபேக்டர் கிருமிகளின் கொக்கி ஏ, பி, ஓ எல்லாவற்றிலும் மாட்டும்படி இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஓ வகையாக இருக்கும் தென் அமெரிக்கப் பழங்குடியினரின் இரைப்பையில் வாழும் கிருமிகளில் பல, ஓ சர்க்கரைக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் கொக்கியாகத் தம்மை மாற்றிக்கொண்டிருந்தன. ஒரு மக்கள் கூட்டத்தின் ரத்த வகை மாறினால் கிருமியும் மாறுகிறது. ஊரில் எல்லோரும் ஒரே வகையாக இருந்தால் கிருமிக்கு அது வசதி. பலவகை ரத்தம் கலந்திருக்கும் கூட்டத்தில் எந்தக் கிருமியாலும் எல்லோரையும் ஒரேபோல் வீழ்த்த முடியாது. வேற்றுமை நீடிப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இந்தச் சர்க்கரைகளை எச்சிலிலும் குடல் திரவங்களிலும் சுரப்பவர்கள் ஐந்தில் நான்கு பேர். சுரக்காத மற்றவர்களை, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸின் பல வகைகள் தொற்றுவதில்லை. பற்றிக்கொள்ளச் சர்க்கரை இல்லாததே காரணம்.

உறையும் ரத்தம், ஒழுகும் ரத்தம்

கிருமி சம்பந்தப்படாத நோய்களிலும் ரத்த வகை தலையிடுகிறது. காயம் பட்டால் ரத்தம் உறையத் துணை செய்யும் புரதம் ஒன்று உண்டு. வான் வில்லிபிராண்ட் காரணி என்பார்கள். அதன் மேலும் இதே ஏ, பி சர்க்கரைகள் ஒட்டியிருக்கின்றன. அவை இல்லாத ஓ வகையினரின் உடம்பு இந்தப் புரதத்தை விரைவாக அகற்றிவிடுகிறது. அதனால் அவர்களிடம் அதன் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. ஓ அல்லாதவர்களுக்குக் கால் சிரைகளிலும் நுரையீரலிலும் ரத்தக் கட்டி அடைக்கும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகம். ஓ வகையினருக்கோ ரத்தக்கசிவு சற்று அதிகம். பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வோருக்கு முதல் செய்தியும், காயத்தோடு கிடப்பவருக்கு இரண்டாவது செய்தியும் முக்கியம்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 90,000 பேரை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவும் இந்த வரிசையில் வருகிறது. ஓ வகையினரோடு ஒப்பிட்டால் இதய நாள நோய் வாய்ப்பு ஏ வகைக்கு 5, பி வகைக்கு 11, ஏபி வகைக்கு 23 சதவீதம் கூடுதல்.

கொரோனாக் காலத்தில் ரத்த வகை மீண்டும் பேசப்பட்டது. இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வு, ஏ வகைக்கு மூச்சுத்திணறல் வரை முற்றும் வாய்ப்பு அதிகம், ஓ வகைக்குக் குறைவு என்றது. பின்னர் வந்த ஆய்வுகளில் இந்த வேறுபாடு சிறிதாகவே தெரிந்தது. சிலவற்றில் தெரியவே இல்லை. வயதும் சர்க்கரை நோயும் தடுப்பூசியும்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்கின.

எண்களைப் படிக்கும் விதம்

இத்தனை சதவீதங்களைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு, பி வகையினருக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பு ஓ வகையினரைவிட 72 சதவீதம் அதிகம் என்றது. கேட்டால் நெஞ்சு பதறும். அதே ஆய்வின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓ வகையினர் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 27 பேருக்கு அந்த நோய் வந்தது; பி வகையினரில் 46 பேருக்கு. இரு பக்கமும் ஒரு லட்சத்தில் 99,950 பேருக்கு மேல் அந்த ஆண்டு அந்த நோய் வரவில்லை.

இன்னொரு ஒப்பீடு: ஏபி வகையால் இதய நோய் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. புகைப்பழக்கமோ அதை இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கூட்டுகிறது. ரத்த வகையை மாற்ற முடியாது. சிகரெட்டை விட முடியும். ரத்த அழுத்தத்தை அளக்கலாம், மாத்திரையைத் தவறாமல் விழுங்கலாம், தினமும் நடக்கலாம். மாற்ற முடிந்தவற்றின் எடைக்கு முன் ரத்த வகையின் எடை மிகச் சிறியது.

இதனால்தான் ‘ரத்த வகைக்கேற்ற உணவு’ என்று சொல்லி விற்கப்படும் பட்டியல்களை நம்ப வேண்டியதில்லை. அந்த உணவு முறைகளைப் பின்பற்றியவர்களிடம் கிடைத்த பலன் அவர்களின் ரத்த வகையைச் சார்ந்ததாக இல்லை என்று 2014இல் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. காய்கறியும் பழமும் யாருக்கும் நல்லது. ரத்த வகையை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ரத்த வகை இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்று நம் வீடுகளில் உலவும் அச்சமும் வெறும் அச்சம்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது

கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று: ரத்த வகையோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சேர்த்துச் சொல்லப்படும் ஆர்ஹெச் வகை. தாய் நெகட்டிவாகவும் வயிற்றுப் பிள்ளை பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவத்தின்போது பிள்ளையின் சிவப்பணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, அவற்றுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் தாயிடம் உருவாகலாம். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று பிள்ளையின் சிவப்பணுக்களை அழிக்கும். கடும் ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மரணம் வரை போகும். 1960களின் இறுதியில் வந்த ஆன்டி-டி ஊசி இதை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடுகிறது. கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும். கருச்சிதைவு ஆனாலும் போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்தியாவில் நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு ஆர்ஹெச் நெகட்டிவ் என்பதால், இது எந்தக் குடும்பத்திலும் வரக்கூடிய விஷயம். ரத்த வகைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்புகளில், தெரிந்துகொண்டால் உடனே ஓர் உயிரைக் காக்கக்கூடியது இதுதான்.

எனவே தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் இது: நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. ஓ மலேரியாவில் வென்று காலராவில் தோற்கிறது. ஏபி காலராவில் தப்பி ரத்த உறைவில் இடறுகிறது. ஒவ்வொரு வகையும் ஏதோ ஒரு நோயை வென்றவர்கள் நமக்கு விட்டுச்சென்றது. அந்த வெற்றிக்கு அவர்கள் கொடுத்த விலையும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

உங்கள் ரத்த வகை என்ன என்று முறையாகப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆர்ஹெச் பரிசோதனையை முதல் மாதங்களிலேயே செய்துவிடுங்கள். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு நலமாக இருக்கும் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த ஜூன் 14ஆம் தேதியைத்தான் உலக ரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும், உங்கள் ரத்தம் இன்று யாருக்கோ தேவைப்படுகிறது.